பன்னிரண்டாவது கை

ஆடி மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு, குறிஞ்சி என்க்ளேவ் வீட்டு உரிமையாளர்கள் சங்கத்தின் பொதுக்குழுவில் பதினொரு பேர் கை தூக்கினார்கள். எண்ணிப் பார்த்தபோது பன்னிரண்டு கை இருந்தது.

எண்ணியவள் மரகதவல்லி. சங்கத்தின் செயலாளர், இரண்டாம் மாடியில் பத்தாம் நம்பர் வீட்டில் தனியாக இருப்பவள், முப்பத்தோரு வருஷம் கல்லூரித் தேர்வுப் பிரிவில் உட்கார்ந்து விடைத்தாள் கட்டுகளை எண்ணி எண்ணி, ஒரு தாள் கூடினாலும் குறைந்தாலும் அவள் விரல் நுனிக்கே தெரிந்துவிடும் என்று பெயர் வாங்கியவள். திருச்சி வயலூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, இரண்டு தெரு தள்ளி நிற்கிற அந்தக் கட்டடத்தில் மாடிக்கு ஆறாக மொத்தம் பதினெட்டு வீடு. கீழே தூண்களுக்கு நடுவே கார் நிறுத்துமிடம். கூட்ட நாளன்று கார்களை வெளியே தள்ளிவிட்டு, அங்கேதான் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார்கள். எண்ணெய்க் கறைகளின் மேல் நாற்காலி, நாற்காலிகளின் மேல் பதினெட்டு வீட்டுக்காரர்கள். முன்னால் ஒரு மேஜை, மேஜையில் தீர்மானப் புத்தகம்.

அன்றைய தீர்மானம், மொட்டைமாடியைப் பூட்டி, சாவியைத் தலைவர் சௌந்தரபாண்டியன் வசம் ஒப்படைப்பது. பொது இடத்தில் கை வைக்கிற தீர்மானத்துக்கும், உறுப்பினர் ஒருவர் மேல் நடவடிக்கை எடுக்கிற தீர்மானத்துக்கும் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது பன்னிரண்டு வீடு சம்மதிக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. மரகதவல்லி கை தூக்கியவர்களின் வீட்டு நம்பர்களை எழுதினாள், பதினொன்று வந்தது. நிமிர்ந்து கைகளை எண்ணினாள், பன்னிரண்டு வந்தது. மறுபடி எழுதினாள், மறுபடி எண்ணினாள். மூன்றாம் தடவை எண்ணும்போதுதான் இரண்டாம் வரிசையின் கடைசியில், தூணை ஒட்டிக் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தாள். நாற்காலிக்கு ஒரு முழம் மேலே, முழங்கையிலிருந்து ஒரு கை தொடங்கி, மேலே போய், விரல்களில் முடிந்தது. முழங்கைக்கு அப்புறம் ஒன்றும் இல்லை. மாநிறக் கை, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத கை, நகம் ஒழுங்காக வெட்டியிருந்தது, மணிக்கட்டில் வாட்ச் கட்டிக் கழற்றின வெளுப்பு இருந்தது.

எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஏழாம் நம்பர் ரெஜினா, பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுகிற மாதிரி, தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

"எத்தனைம்மா?" என்றார் தலைவர். சிமெண்ட் கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"பேர் பதினொண்ணு சார். கை... பன்னிரண்டு."

"விதியில என்ன இருக்கு? கையா, பேரா?"

பதினான்காம் நம்பர் வக்கீல் ஸ்தனிஸ்லாஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "'வருகை தந்தோர் கையுயர்த்தி' அப்படின்னுதான் இருக்கு. உடம்பைப் பத்திக் குறிப்பா ஒண்ணும் சொல்லல."

"அப்ப பன்னிரண்டுன்னு எழுதுங்கம்மா."

மரகதவல்லி பன்னிரண்டு என்று எழுதினாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் தெரிந்தே தப்பாக எழுதின முதல் எண் அது. எழுதி முடித்து அவள் நிமிர்ந்தபோது நாற்காலி வெறும் நாற்காலியாக இருந்தது.

அதற்கப்புறம் நடந்த கூட்டங்களுக்கெல்லாம் அந்தக் கை வந்தது. வர வர, வராவிட்டால்தான் ஏதோ குறைகிற மாதிரி ஆகிவிட்டது. தூணோரத்து நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை, உட்காரப் போன விருந்தாளியை எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைத்தார்கள். டீக்காரரிடம் பதினெட்டுக்குப் பதில் பத்தொன்பது டீ சொன்னார்கள்; பத்தொன்பதாவது டீ நாற்காலியில் ஆறிப் போய், ஆடை படிந்து, கூட்டம் முடிந்ததும் சாக்கடையில் கொட்டப்பட்டது. 'கை' என்று சொல்வது மரியாதையாக இல்லை என்று யாரோ சொல்ல, 'பத்தொன்பதாம் நம்பர்' என்று பேர் விழுந்தது. பத்தொன்பதாம் நம்பருக்குச் சுற்றறிக்கை ஒரு படி அடித்து நாற்காலியில் வைத்தார்கள். மாடிப்படியில் குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி மட்டும் துப்பட்டாவுக்குள் ஒளிந்துகொண்டு கடைசியாகக் கை தூக்கும் விளையாட்டு ஒன்று விளையாடினார்கள். பெரியவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

வேலைக்கு வருகிற பெண்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்ற தீர்மானம் வந்தது. குழந்தைகள் கீழே சைக்கிள் ஓட்டக் கூடாது என்ற தீர்மானம் வந்தது. வாடகைக்கு இருப்பவர்களின் விருந்தாளிகள் வாட்ச்மேனிடம் பேர் எழுதி, எந்த வீட்டுக்கு, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்ற தீர்மானம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் கைகள் எழும்பின, எல்லாக் கையும் எழும்பி நின்ற பிறகு அந்தக் கை எழும்பியது. அப்புறம் லிஃப்டில் ஏற முடியாமல் மூச்சு வாங்க நிற்கிற வேலைக்காரப் பெண், "நீங்களுமாம்மா கை தூக்குனீங்க?" என்று கேட்டால், கேட்கப்பட்ட அம்மா கொஞ்சமும் கூசாமல், "எங்க கையில என்ன இருக்கு, பத்தொன்பதாம் நம்பர் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். எல்லோருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

மரகதவல்லிக்கு மட்டும் அது சௌகரியமாக இல்லை. உடம்பில்லாத கை என்று அவள் பயப்படவில்லை. எண்ணுகிறவள் என்பதால் மற்றவர்கள் பார்க்காத ஒன்றை அவள் பார்த்திருந்தாள். அந்தக் கை முதலில் பாதிதான் எழும்பும். முழங்கை மடங்கினபடி, விரல்களை இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பி, எந்தப் பக்கம் கை அதிகம் என்று பார்க்கும். பார்த்து முடித்த பிறகே, சடாரென்று, எல்லாக் கைகளையும் விட உயரமாகப் போய் நிற்கும். ஒரு தடவைகூட அது தோற்கிற பக்கம் நின்றதில்லை. இன்றைக்கு லிஃப்ட், நாளைக்கு சைக்கிள், நாளை மறுநாள் யாரோ ஒரு ஆள் மேல் தீர்மானம் வரும், அப்போதும் அது பார்க்கும், பார்த்துவிட்டு எழும்பும். அந்த ஆள் தானாக இருந்தால் என்ன செய்வது என்று அவள் நினைத்துக்கொள்வாள். அரிசி களையும்போது தண்ணீருக்குள் தன் கைகளைப் பார்ப்பாள். இரண்டுதான் இருக்கிறதா என்று எண்ணிக்கொள்வாள்.

புரட்டாசி பிறந்து நாலாம் நாள் காலை பத்து மணிக்கு முதல் மாடி மூன்றாம் நம்பர் அஞ்சுகம் வந்து மரகதவல்லியின் கதவைத் தட்டினாள். அவள் புருஷன் சிவக்கொழுந்துக்கு வாதம் அடித்து இரண்டு வருஷமாகப் படுக்கை. அஞ்சுகத்தின் கை எப்போதும் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருக்கும்.

"அக்கா, தீர்மானப் புத்தகத்தை நான் பாக்கணும்."

"எதுக்கு அஞ்சுகம்?"

"மொட்டைமாடியைப் பூட்டினதுக்கு யார் யார் கை தூக்குனாங்கன்னு பாக்கணும். ஒரு நாளைக்கு மூணு படுக்கை விரிப்பு துவைக்கறேன்க்கா. காயப் போட இடமில்ல. வீட்டுக்குள்ள காயப் போட்டுப் போட்டு அவருக்கு நெஞ்சுச்சளி பிடிச்சிருச்சு. மேல என்னடான்னா தலைவர் ரோஜாத்தொட்டி வெச்சு, ஊஞ்சல் போட்டு உக்காந்திருக்காரு. உறுப்பினர் யார் கேட்டாலும் புத்தகத்தைக் காட்டணும்னு சட்டம் இருக்காம். விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

புத்தகம் மரகதவல்லியின் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருந்தது. பதினொரு நம்பரும் பன்னிரண்டு என்ற எண்ணும் அந்தப் பக்கத்தில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருந்தன. யார் பார்த்தாலும் தெரியும்.

"தலைவரை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் காட்டறேன்" என்றாள்.

"கேட்டா காட்ட விடமாட்டாருக்கா."

"கேக்காம எப்படி?"

அஞ்சுகம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அடுத்த வாரம் சங்கங்களைப் பதிவு செய்கிற அலுவலகத்துக்கு அவள் பதிவுத் தபாலில் மனு அனுப்பினாள் என்பதும், மனுவின் நகல் தலைவருக்கு வந்தது என்பதும் நகல் வந்த அன்று சாயங்காலத்துக்குள் பதினெட்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் சௌந்தரபாண்டியன் மரகதவல்லியின் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்தார். சிறப்புப் பொதுக்குழுவுக்கான அறிவிப்பை மேஜையில் விரித்தார். சங்கத்தின் பேரைக் கெடுத்த காரணத்துக்காக, மனுவைத் திரும்பப் பெறும்வரை மூன்றாம் நம்பர் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்துவது என்று அதில் இருந்தது.

"செயலாளர் கையெழுத்து இல்லாம அறிவிப்பு செல்லாது. போடுங்கம்மா."

தண்ணீரை நிறுத்தப் போகிறார்கள் என்று முந்தின இரவே பேச்சு அடிபட்டதால், அவள் ஏற்கனவே வக்கீலை மாடிப்படியில் பிடித்துக் கேட்டிருந்தாள். வக்கீல் மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொல்லியிருந்தார்: "தண்ணியை நிறுத்த எந்தச் சங்கத்துக்கும் அதிகாரம் கிடையாதும்மா. கோர்ட்ல நிக்காது. ஆனா நிக்காதுன்னு கோர்ட் சொல்ற வரைக்கும் குழாய் மூடித்தான் இருக்கும்." சொன்னவர், தான் சொன்னதாக யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

"தண்ணியை நிறுத்த நமக்கு அதிகாரம் இல்லைன்னு சொல்றாங்க சார்" என்றாள் மரகதவல்லி.

"நாம எங்கம்மா நிறுத்தறோம்? பொதுக்குழு நிறுத்துது. நீங்களும் நானும் பதிவு பண்றவங்க, அவ்வளவுதான்." அவர் பேனா மூடியைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார். "முட்டி எப்படி இருக்கு? லிஃப்ட் விஷயமா அடுத்து ஒரு தீர்மானம் வெக்கலாம்னு இருக்கேன். தனி ஆளா இருக்கறவங்க எத்தனை தடவை போறாங்க வர்றாங்கன்னு பாத்து, அதுக்கு ஏத்த மாதிரி ஏதாவது செய்யணும்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இரண்டாம் மாடியிலிருந்து கீழே நாற்பத்திரண்டு படி. மரகதவல்லி அதை எண்ணி வைத்திருந்தாள். கையெழுத்துப் போட்டாள். அவர் போன பிறகு வெகு நேரம் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தாள், அவர் பேனாவை மறந்து வைத்துவிட்டுப் போனதுகூட அப்புறம்தான் தெரிந்தது.

சிறப்புப் பொதுக்குழுவன்று வெயில் கார் நிறுத்துமிடத்தின் பாதி வரைக்கும் வந்து கிடந்தது. பத்தொன்பது டீ வந்தது. தலைவர் தீர்மானத்தைப் படித்தார். அஞ்சுகம் பின்வரிசையில் எழுந்து நின்றாள்.

"படுத்த படுக்கையா இருக்கற மனுஷன். நானும் லாரித் தண்ணியைக் குடத்துல தூக்கணும்னா தூக்குவேன், ஆனா அவரை விட்டுட்டு எத்தனை தடவை இறங்க முடியும்? உங்க எல்லாருக்கும் அவரைத் தெரியும். ரெஜினா, உன் பொண்ணுக்கு அவர்தானே நீச்சல் சொல்லிக் குடுத்தாரு?"

ரெஜினா மடியைப் பார்த்தாள்.

"மனுவைத் திரும்ப வாங்கிக்கிட்டா இன்னிக்கே முடிஞ்சுது" என்றார் தலைவர்.

"வாங்கமாட்டேன். புத்தகத்தைக் காட்டுங்க."

"அப்ப ஓட்டுக்கு விடுவோம். ஆதரிக்கறவங்க."

ஒரு கை எழும்பியது. இரண்டு, மூன்று. சில கைகள் வேகமாக எழும்பின, சில கைகள் முன்னால் இருப்பவரின் தோளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டன. ரெஜினாவின் கை எழும்பியது, அவள் தலை எழும்பவில்லை. மரகதவல்லி புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்று எண்ணினாள். பத்து. பதினொன்று. அப்புறம் எந்தக் கையும் எழும்பவில்லை. எல்லோரும் தூணோரத்து நாற்காலியைப் பார்த்தார்கள்.

கை வந்தது. முழங்கை மடங்கி, பாதி எழும்பி, விரல்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியது. எண்ணு, எழுது, வீட்டுக்குப் போ என்று மரகதவல்லிக்கு உள்ளே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது, அது சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கால்கள் நடந்தன. முட்டி வலிக்க வலிக்க இரண்டு வரிசைக்கு நடுவே நடந்து, காலி நாற்காலியின் முன்னால் போய் நின்று, எழும்பப் போன கையை மணிக்கட்டில் பிடித்தாள்.

ஜில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது சுட்டது. வேர்வையில் நனைந்திருந்தது. தோலுக்கு அடியில் நாடி தறிகெட்டு ஓடியது. அவள் நடுங்கியதைவிட அது அதிகமாக நடுங்கிக்கொண்டிருந்தது. உதறிவிட்டு எழும்பும் என்று அவள் இறுக்கிப் பிடிக்க, அது உதறவில்லை; விரல்கள் வளைந்து, கூட்டத்தில் தொலைந்த குழந்தை பிடிக்கிற மாதிரி, அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

"பதினொண்ணு" என்றாள் மரகதவல்லி. யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "பதினொண்ணு."

"கையை விடுங்கம்மா" என்றார் தலைவர். அப்போதும் குரல் உயரவில்லை. "ஓட்டுப் போடற கையைத் தடுக்கறது பெரிய குத்தம்."

"விடமுடியாது சார். இது பயந்து போய்க் கிடக்கு."

"சரி, விடாதீங்க. உங்களுக்கும் ஒரு ஓட்டு இருக்கு இல்ல? பத்தாம் நம்பர். உங்க கையைத் தூக்குங்க, பன்னிரண்டு ஆயிடும், முடிச்சுக்கலாம்."

மேலே மூன்றாம் நம்பர் வீட்டில் சிவக்கொழுந்து இருமுவது கேட்டது. மரகதவல்லி கீழே பார்த்தாள். ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் அந்தக் கை.

"எனக்கு ரெண்டு கையும் வேலையா இருக்கு சார்" என்றாள்.

பின்னால் யாரோ ஒருத்தர் தெரியாமல் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். தலைவர் காத்திருந்தார். கைகள் எழும்பினபடியே நின்றன. காத்திருக்கக் காத்திருக்க அவை கனக்க ஆரம்பித்தன. இவ்வளவு நேரம் எந்தத் தீர்மானத்துக்கும் அவர்கள் கை தூக்கி நின்றதில்லை. ரெஜினாதான் முதலில் இறக்கினாள். "கை வலிக்குதுங்க" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"பத்து" என்றாள் மரகதவல்லி. "தீர்மானம் தோற்றது."

கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை யாரும் அடுக்கவில்லை. அஞ்சுகம் மட்டும் பக்கத்தில் வந்து நின்றாள், அந்தக் கையையும் பிடித்திருந்த கையையும் பார்த்தாள், தன் முந்தானையால் அந்த மணிக்கட்டின் வேர்வையை ஒற்றிவிட்டாள். "அவரைப் புரட்டிப் போடற நேரம்க்கா" என்று சொல்லிவிட்டு மேலே போனாள். மரகதவல்லி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாடி மெல்ல மெல்லத் தணிந்தது. எது முதலில் விட்டது என்று தெரியாமல் கைகள் இரண்டும் விட்டபோது வெயில் தூணைத் தாண்டிப் போயிருந்தது.

அன்று சாயங்காலமே அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு முதல் மாடிக்கு இறங்கினாள். ஆடி மாதத்துப் பக்கத்தைத் திறந்து அஞ்சுகத்திடம் காட்டினாள். பன்னிரண்டு என்பதை அடித்து, 'பதினொன்று. எண்ணியதில் பிழை. பிழை என்னுடையது' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். கை தூக்கினவர் எவருக்கும் ஒரு வீடு வேண்டும், வீடில்லாத கை எண்ணிக்கையில் சேராது என்று வக்கீல் ஸ்தனிஸ்லாஸும் இந்தத் தடவை எல்லோரும் கேட்கும்படியே சொன்னார். விதியில் அப்படி இல்லை, கை இனியும் எண்ணப்படும் என்றார் தலைவர்; ஆனால் செயலாளரே திருத்தின எண்ணை மீற முடியாமல் சாவியைக் கொடுத்தார், அது வாட்ச்மேன் அறையின் ஆணிக்கு வந்தது. மூன்று படுக்கை விரிப்புகள் மொட்டைமாடியில், ரோஜாத்தொட்டிகளுக்கு மேலே காய்ந்தன.

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. ஏழு நாள் அவகாசம் கொடுத்து, விதிப்படி, செயலாளர் மேலேயே புகார் என்பதால் தலைவர் கையெழுத்தோடு, இன்னொரு அறிவிப்பு வந்தது. ஓட்டளிக்கும் கையைப் பிடித்துத் தடுத்ததற்காகவும், தப்பான எண்ணைப் பதிவு செய்ததாகத் தானே ஒப்புக்கொண்டதற்காகவும் பத்தாம் நம்பர் மரகதவல்லியைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கி, ஓராண்டுக்கு ஓட்டுரிமையை நிறுத்தி வைப்பது. இரண்டு குற்றமும் நிஜம். அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. தண்ணீரை நிறுத்தக் கை தூக்காத சிலர்கூட மாடிப்படியில் நின்று, "அவங்க செஞ்சதும் தப்புத்தானே" என்றார்கள். புதுத் தீர்மானம் நிறைவேறும்வரை அவள்தான் செயலாளர், அதனால் தன் மேல் எழும்பும் கைகளையும் அவளேதான் எண்ண வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் படித்தார். "ஆதரிக்கறவங்க" என்றார். கைகள் எழும்பின. மரகதவல்லி உட்கார்ந்தபடியே எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. கொஞ்சம் தயங்கி, பதினொன்று.

தூணோரத்துக் கை வந்தது. பாதி உயரத்தில் முழங்கை மடங்கி நின்றது. விரல்கள் வலப்பக்கம் திரும்பின, இடப்பக்கம் திரும்பின. பதினொரு கைகளைப் பார்த்தன, கீழே கிடந்த ஆறு ஏழு கைகளைப் பார்த்தன. நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் கழுத்தைத் திருப்பி அதையே பார்த்தார்கள். அஞ்சுகம் எழுந்திருக்கப் போனாள். மரகதவல்லி வேண்டாம் என்று தலையசைத்தாள். தானும் எழுந்து போகவில்லை. எழுந்து போகக் கூடாது என்று அவள் முடிவு செய்திருக்கவில்லை, எழுந்தால் கால் நிற்காது என்று தெரிந்துதான் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை நடுங்கியது. தன் நாற்காலியிலிருந்தே அவளுக்கு அந்த நடுக்கம் தெரிந்தது.

அது நடுங்கிக்கொண்டே கீழே இறங்கியது. ஒரே மூச்சில் இல்லை, இரண்டு தடவை நின்று நின்று. இறங்கி, வெறும் நாற்காலியின் கைப்பிடி மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அப்படியே இருந்தது. இந்தத் தடவை யாரும் அதைப் பிடித்திருக்கவில்லை.

"எத்தனைம்மா?" என்றார் தலைவர்.

"பதினொண்ணு" என்றாள் மரகதவல்லி. குரல் நடுங்கியது. அது எல்லோருக்கும் கேட்டது. அவள் அதை மறைக்காமல், இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னாள்.